லொறியைத் திருப்பிய பெட்டி

ஆவணப்படம் எடுத்துப் பிழைப்பவள் நான். முதலில் எடுத்த படம் எது என்று பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். முதலில் கெடுத்த படத்தைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

எழுபதுகளின் கடைசி அது. பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் எங்கள் லயத்தில், அடுத்த அறையான காம்பராவில் சித்தி இருந்தாள். அம்மாவுக்கு ஒரே தங்கை. இரண்டு அரசாங்கமும் தோட்டத்து ஆட்களைப் பங்குபோட்டதில் எங்களுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்தது. சித்தி வீட்டுக்கு இந்தியப் பாஸ்போர்ட். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு நாடு, இந்தப் பக்கம் ஒரு நாடு என்று அப்பா சிரிப்பார். அம்மா சிரிக்க மாட்டாள்.

அவர்கள் புறப்பட்ட காலையில் கொழும்பிலிருந்து ஒரு படக்காரர் வந்திருந்தார். இந்தியா போகிறவர்களைப் படம் பிடிக்கிறவராம். மூன்று கால் வைத்த அவருடைய பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. "பெட்டியப் பார்க்காதம்மா, சித்தியப் பாரு" என்று சொல்லி என்னை அம்மாவின் பக்கத்தில் நிறுத்தினார்.

சித்தி எங்களைக் கட்டிக்கொண்டு அழுதாள். லொறி பதுளை ஸ்டேசனுக்குக் கிளம்பி, பாதை வளையும் முடக்கில் திரும்பி மறைந்தது. படக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். பிலிம் சிக்கிவிட்டதாம், மறுபடியும் எடுக்க வேண்டுமாம். அவருடைய உதவியாள் லொறிக்குப் பின்னால் கத்திக்கொண்டே ஓடினார்.

லொறி பின்பக்கமாகவே ஊர்ந்து வந்தது. சித்தி இறங்கினாள். போனவளைத் திருப்பிக் கொண்டுவரும் பெட்டியை நான் அதுவரை கண்டதில்லை. என் அழுகை போன இடம் தெரியவில்லை.

இன்னொரு தரமும் கொண்டுவருமா என்று பார்க்க வேண்டாமா? லொறி நகர்ந்ததும் ஓடிப்போய்ப் பெட்டிக்கு முன்னால் நின்று பல்லைக் காட்டினேன். சித்தி திரும்பவும் வந்தாள்.

"ரயில விட்டுருவோம்ங்க. இதான் கடைசி" என்றார் சித்தப்பா.

மூன்றாம் தரம் அம்மா சித்தியை விடவில்லை. இரண்டு பேர் சேர்ந்து பிரிக்க வேண்டியிருந்தது. படக்காரர் அதை எடுக்கவேயில்லை. பெட்டியை மூடிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு நின்றார். லொறி போனது. சற்று நேரத்தில் அவரும் போனார். லயத்து ஆட்களும் கலைந்தார்கள்.

நான் மட்டும் அசையவில்லை. அம்மா வந்து கூப்பிட்டாள்.

"சித்தி வந்துரும்மா. இன்னும் படம் எடுக்கலைல்ல" என்றேன்.

அம்மா என்னைத் திட்டவில்லை. முடக்கைப் பார்த்தபடி என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். வெயில் ஏறும்வரை நின்றோம். அம்மாவும் அந்தப் பெட்டியை நம்புகிறாள் என்றுதான் நினைத்தேன்.