வெறும் வில்லையைச் சுற்றிய வட்டம்

கல்லூரி ஆய்வகத்தில் அவளை எல்லோரும் வட்டக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். கிருமி பூசிய கண்ணாடித் தட்டில், மூலிகைச் சாறு தோய்த்த குட்டிக் காகித வில்லைகளை வைப்பாள். சாறு வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் ஒரு வட்டம் விழும். அதை அளப்பதுதான் பிழைப்பு. தட்டும் வட்டமுமாகவே தலை நரைத்துவிட்டது.

மாணவர்களுக்கு அவளைக் கண்டால் உதறல்.

"சாற்றை ஆல்கஹால்ல எடுக்கிறோம். வில்லையை நல்லா காய விடலேன்னா அந்த ஆல்கஹாலே கிருமியைக் கொன்னுடும். நீங்க இலைக்கு மாலை போடுவீங்க" என்று ஓயாமல் பாடுவாள். அதனால்தான் ஒவ்வொரு தட்டிலும் ஆல்கஹால் மட்டும் தோய்த்த வெறும் வில்லை ஒன்றும் இருக்கும். அதைச் சுற்றி வட்டம் விழக் கூடாது.

அப்படிப்பட்டவளுக்கே சறுக்கியது. காரணம் அக்கா.

அக்கா தையல்காரி. வட்டக்காரி போட்டுக் கிழித்த வெள்ளைக் கோட்டு அத்தனையும் அவள் தைத்தவை. சர்க்கரை உடம்பு. மெஷினை மிதிக்கும் வலது காலில் ஒரு புண் வந்து, ஆறுவேனா என்று அடம்பிடித்தது. பின்வாசல் தொட்டியில் வளரும் பச்சிலையைப் பறித்து, தண்ணீர் விட்டு அரைத்து, கட்டிக்கொண்டே இருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் காலை எடுத்துவிடுவார்கள் என்று பயம். தங்கை கெஞ்சிக் கூத்தாடி, சண்டை போட்டு, ஒருவழியாகத் திங்கட்கிழமை போவதாகச் சொல்ல வைத்தாள்.

அந்த வாரம் ஆய்வகத்தில் மூலிகைச் சோதனை. அதோடு அதாக அக்காவின் இலையையும் சேர்த்தாள். என்ன அவசரமோ, வில்லைகள் காய்ந்தனவா என்று தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. சனிக்கிழமை தட்டை எடுத்தால் இலைச்சாற்றைச் சுற்றிப் பளிச்சென்று வட்டம். அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வராந்தாவுக்கு ஓடிப் போன் போட்டாள்.

"அக்கா, உன் இலை கிருமியைக் கொல்லுதுக்கா."

திங்கட்கிழமை காலையில் பேராசிரியர் அந்தத் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வெறும் வில்லை எதும்மா?"

காட்டப் போன விரல் அப்படியே நின்றது. இலையே படாத அந்த வில்லையைச் சுற்றியும் அதே அளவு வட்டம். அவர் தட்டை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

சாயங்காலம் அக்கா வீட்டில் மெஷின் சத்தம் கேட்டது.

"ஆஸ்பத்திரிக்குப் போனியா?"

"நீதான் இலை கொல்லுதுன்னியே. அப்புறம் எதுக்குப் போகணும்?"

வட்டக்காரி நடந்ததைச் சொன்னாள். அக்கா சிரித்தாள்.

"சனிக்கிழமை இருந்த வட்டம் இன்னைக்கு எங்கேடி போச்சு? என்னை அனுப்பணும்னு கதை விடாதே."

இனிப் பேச்சு எடுபடாது. அக்கா காலிலிருந்த கட்டைப் பிரித்து, சுத்தமான பஞ்சுக்குச்சியால் புண்ணை ஒற்றி எடுத்துக்கொண்டாள். அரைத்து வைத்திருந்த இலையிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, நேரே ஆய்வகத்துக்குத் திரும்பினாள். அக்காவின் காலில் இருந்த கிருமியைத் தட்டில் பூசினாள். அக்கா அரைத்த சாற்றையே வில்லையில் தோய்த்து, காயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். எப்படியாவது வட்டம் விழுந்துவிடாதா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

விழவில்லை. மறுநாள் தட்டைப் படம் எடுத்துக்கொண்டு போனாள். அக்கா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். வில்லையின் விளிம்புவரை கிருமி பாசிபோல் படர்ந்திருந்தது.

"இதெல்லாம் என் கால்ல இருக்கிறதா?"

"ஆமாக்கா."

"நடுவுல இருக்கிறது என் இலையா?"

"ஆமா. தப்பு என்னோடது. அன்னைக்கு வில்லையைக் காய விடாம..."

அக்கா பாதி தைத்த துணியை மெஷினிலிருந்து எடுத்து, நிதானமாக மடித்து வைத்தாள்.

"எனக்கு இலை மேல அவ்வளவு நம்பிக்கை இருந்தா, போறேன்னு எதுக்குடி ஒத்துக்கப் போறேன்? நீ சொன்னேன்னுதான் போகாம இருந்தேன்."

வட்டக்காரி உடைந்து அழுதுவிட்டாள். அக்கா அவள் தலையைத் தடவவும் இல்லை, திட்டவும் இல்லை. சுவரைப் பிடித்து எழுந்து செருப்பைத் தேடினாள்.

"அழுதது போதும், வண்டியைக் கூப்பிடு. அங்க டாக்டர்கிட்ட நீயே பேசு. கெட்ட சேதின்னா உடனே சொல்லிடு. நல்ல சேதின்னா மட்டும், ரெண்டு தடவை பாத்துட்டுச் சொல்லு."