குஞ்சித்தம்பியின் காணிக்கு மேலே

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். இது நடந்த கதை. நிசாந்தன் என் பக்கத்து வீட்டுக்காரன். பொய்யே சொல்லாதவன் என்று அவனுக்குச் சான்றிதழ் தர மாட்டேன். வாய் கூசாமல் சொல்லுவான். ஆனால் இதில் கடைசிப் பகுதியை நானே என் கண்ணால் பார்த்தேன்.

நிலாவெளியில் ஹோட்டல் வேலை. கையில் ஒரு ட்ரோன். லீவு நாளில் அதைப் பறக்க விடாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. சீனன்குடாவில் விமானப்படை இருப்பதால் பட்டினப் பக்கம் விட முடியாது. அதனால் மனைவி ஜதுசாவின் ஊரான கட்டைபறிச்சானுக்குப் போவான். அங்கே குஞ்சித்தம்பியின் தென்னங்காணி. மேலிருந்து பார்த்தால் அப்படி ஒரு வடிவு.

அந்தக் காணிக்குள் போகிறவர் யாராயிருந்தாலும் எல்லையில் நிற்கும் பாலை மரத்தில் ஒரு இலைக்குழை முறித்து அதன் அடியில் செருகிவிட்டுத்தான் கால் வைப்பார். உத்தரவு கேட்கிற வழக்கம். யாரிடம் என்று கேட்டால் ஊரில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். குஞ்சித்தம்பியே தன் சொந்தக் காணிக்குள் அப்படித்தான் போவார்.

நம்முடைய ஆள் றோட்டில் நின்றபடி ட்ரோனை மேலால் அனுப்பினான்.

குஞ்சித்தம்பி ஓடி வந்தார்.

“எயார்போஸ்காரனுக்குப் பயப்பிடத் தெரியுது. என்னட்ட ஒரு சொல் கேக்க ஏலாதோ?”

“ஆகாயமும் உங்கட காணி உறுதிப் பத்திரத்தில எழுதிக் கிடக்கோ?”

“நான் எனக்காகச் சொல்லேல்ல, தம்பி. குழை வைக்காமல் அதுக்குள்ள ஒண்டும் போறேல்ல. எடும் அதை.”

நிசாந்தன் சிரித்தான். குஞ்சித்தம்பி கல்லெடுத்து எறிந்தார். ட்ரோனின் ஒரு இறக்கை உடைந்தது. அவ்வளவுதான்! பாய்ந்து அவருடைய கழுத்தைப் பிடித்து, முட்கம்பி வேலியோடு வைத்து அழுத்தினான். முதுகு கிழிந்து சேர்ட்டெல்லாம் இரத்தம். மச்சான் மதிசுதன் இடுப்பில் பிடித்து இழுத்திராவிட்டால் அன்றைக்கே ஒரு கொலை விழுந்திருக்கும்.

மதிசுதன் ஜதுசாவின் ஒரே தம்பி. தாய் இல்லாத அவனை அவள்தான் ஊட்டி வளர்த்தாள். புருஷனா தம்பியா என்று கேட்டால் அவளுக்கு மூச்சே நின்றுவிடும். அப்படி ஒரு பாசம்.

அடுத்த கிழமை, புது இறக்கை பூட்டிக்கொண்டு, நிசாந்தன் வீம்புக்கென்றே திரும்பிப் போனான். மதிசுதனையும் கூட்டிக்கொண்டு போனான். அந்தக் கெட்ட புத்தியை என்னவென்று சொல்வது!

பொழுது சாய்கிற நேரம்.

“நீ மரத்துக்குள்ளால நட, மச்சான். இது உன்னைப் பின்தொடர்ந்து வரும்.”

மதிசுதன் ஊர்ப் பெடியன். குழை முறித்துச் செருகினான்.

“நீங்களும் ஒண்டு வையுங்கோவன், அத்தான்.”

“நான் உள்ள வரேல்லையே!”

ட்ரோன் ஏறியது. ர்ர்ர்ர்... கையிலிருந்த ரிமோட்டின் திரையில் மதிசுதனைச் சுற்றிப் பச்சைக் கட்டம் ஒன்று விழுந்தது. கட்டத்துக்குள் இருக்கிற ஆளைத்தான் ட்ரோன் பின்தொடரும்.

திடீரென்று கட்டம் அவனை விட்டு விலகியது. அவனுக்குப் பின்னால் போய் நின்றது.

அங்கே இன்னொருவன்.

நிசாந்தன் நிமிர்ந்து காணிக்குள் பார்த்தான். மதிசுதன் தனியாகத்தான் நடந்துகொண்டிருந்தான். நிசாந்தன் திரும்பக் குனிந்தான். திரையில் இரண்டு பேர். வெயில் பட்ட சின்னத் திரையில் முகமோ உடுப்போ பிடிபடவில்லை. மற்றவன் கையில் நீளமாய் ஏதோ... தேங்காய் உரிக்கிற இரும்பு அலவாங்கு.

தென்னோலைகளின் சரசரப்பு நின்றிருந்தது. கடற்காற்று மட்டும் முகத்தில் அடித்தது.

“மதி! பின்னால ஆரோ நிக்கிறான்!”

மதிசுதன் திரும்பினான்.

“ஒருத்தரும் இல்லையே, அத்தான்!”

திரையில் அந்த ஆள் அவனுடைய மூக்குக்கு நேரே நின்றான்.

கை உயர்ந்தது.

டொக்!

சத்தம் காணிக்குள்ளிருந்து வந்தது. மதிசுதனின் தோள் ஒரு பக்கம் தொங்கியது. “ஐயோ அம்மா!”

டொக்! முழங்கால். எலும்பு உடைகிற சத்தம் றோட்டு வரைக்கும் கேட்டது.

அடுத்த பக்கத்து ஒழுங்கைப் பாதையிலிருந்து குஞ்சித்தம்பி கத்திக்கொண்டு ஓடி வந்தார்.

“இறக்கடா அதை! கெதியா இறக்கு!”

எப்படி இறக்குவான்? இறக்கிவிட்டால் அது எங்கே நிற்கிறது என்று எப்படித் தெரியும்? ட்ரோனை மேலே அப்படியே நிற்க விட்டு, ரிமோட்டோடு காணிக்குள் பாய்ந்தான்.

குழை வைக்கவில்லை.

டொக்!

இந்த முறை தலை.

ஓடினான்... கண் திரையில். திரையில் மதிசுதன் கிடக்கிறான். அவனை நோக்கித் தான் ஓடுவதும் தெரிகிறது. நடுவில் அது.

போய்ச் சேர்ந்தான். மணலெல்லாம் இரத்தம். சுற்றிவர ஒருவருமில்லை.

திரையைப் பார்த்தான்.

அவனுக்குப் பக்கத்தில்...

ஒட்டிக்கொண்டு...

ட்ரோனின் சத்தம் அறுந்தது. பற்றரி பாதிக்கு மேல் இருந்தது. ஆனாலும் அது கல்லுப்போல் விழுந்தது. தென்னோலைகள் மறுபடி அசைந்தன.

திருகோணமலை ஆஸ்பத்திரியில் மதிசுதன் பிழைத்ததே பெரிய காரியம். பேச்சு வந்ததும் நிசாந்தனைக் கண்டு கட்டிலோடு பதறினான்.

“அக்கா, விடாதேங்கோ அவரை! அடி விழேக்கதான் முகம் தெரிஞ்சது. அத்தான்தான் அடிச்சவர்!”

ஜதுசா சுவரோடு சாய்ந்துவிட்டாள். நிசாந்தனுக்காகக் கதைத்தது யார் தெரியுமா? குஞ்சித்தம்பி. முதுகுக் காயம் இன்னும் ஆறாத மனிதர் பொலிசிடம் நேர்மையாகச் சொன்னார்: “அவர் றோட்டில நிண்டவர். ரெண்டு கையிலயும் ரிமோட். நான் பாத்தனான்.”

“தம்பிக்குத் தலையில அடி, அதுதான் மாறிச் சொல்லுறான்” என்று ஜதுசா எல்லோரிடமும் அழுதாள். அதை நிரூபிக்கத்தான் உடைந்த ட்ரோனிலிருந்த மெமரி கார்டை எடுத்து வந்து ரிவியில் போட்டாள். எங்களையும் கூப்பிட்டாள்.

பெரிய திரை. எல்லாம் துலக்கமாய்த் தெரிந்தது.

ஒரு மூலையில் றோட்டு. அங்கே மஞ்சள் சேர்ட்டோடு நிசாந்தன், ரிமோட்டைப் பார்த்துக் குனிந்தபடி. “பாத்தீங்களோ? பாத்தீங்களோ?” என்று ஜதுசா கத்தினாள்.

தென்னைகளுக்கு நடுவே அலவாங்கோடு அந்த ஆள். அவனுக்கும் மஞ்சள் சேர்ட். இரண்டாவது அடி போட்டுவிட்டு அவன் நிமிர்ந்து கமராவைப் பார்த்தான்.

நிசாந்தன்.

ஒரே படத்தில் இரண்டு நிசாந்தன்.

றோட்டில் நின்றவன் ஓடத் தொடங்கினான். கிட்ட வந்தான். அடித்தவன் திரும்பி அவனோடு ஒட்டிக்கொண்டு நின்றான். படம் தலைகீழாய்ச் சுழன்று நிலத்தில் விழுந்தது. ஒரு தென்னோலை குறுக்கே அசைந்து மறைத்தது. விலகியபோது அங்கே ஒருவன் மட்டும் மதிசுதனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். படம் அதோடு முடிந்தது.

ஜதுசா ரிவியை நிறுத்தவில்லை. புருஷனைப் பார்த்தாள்.

“இதில எது என்ர வீட்ட வந்தது?”

நிசாந்தன் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனுக்கும் தெரியவில்லை என்று அந்த முகத்திலேயே தெரிந்தது.

அவள் அன்றைக்கே தம்பியிடம் போய்விட்டாள். அடுத்த வீட்டில் இப்போது இருப்பது ஒரு ஆள்தான். நடுவில் ஒரு மதில். கண்டால் “சாப்பிட்டாச்சோ?” என்று கேட்கிறான், நானும் ஓம் என்கிறேன்.