பெயருக்கு விட்ட இடம்

என் தங்கை ரைலியின் கையெழுத்தைப் பார்த்தவர்கள் அவளைப் பள்ளி ஆசிரியை என்று நினைத்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் இரண்டு பேருமே எட்டாம் வகுப்பைத் தாண்டவில்லை. நான் வார்காவுஸ் மர ஆலையில் முப்பத்தேழு வருடம் கட்டை அளந்தேன். அவள் அதே ஊரில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் 1976 ஆகஸ்டில் சேர்ந்து 2017 மே வரைக்கும் வேலை பார்த்தாள்.

ஆகஸ்டு பிறந்தால் புதுக் குழந்தைகள் வரும். கோட்டு மாட்டும் கொக்கிகளுக்கு மேலே ஒட்டுவதற்குப் பெயர் அட்டை வேண்டும். அதை அவளாகவே தன் வேலையாக எடுத்துக்கொண்டாள். நீல மை, பெரிய எழுத்து, ஓரத்தில் ஒரு சின்னப் படம்: காளான், முள்ளெலி, மிதிவண்டி. ஒரு எழுத்து கோணினாலும் அட்டையைக் கிழித்துவிட்டு வேறு எழுதுவாள். இந்த விஷயத்தில் அவள் என் தங்கைதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காப்பிக்கு என் வீட்டுக்கு வருவாள்.

"இந்த வருஷம் என்ன வந்திருக்கு?" என்று கேட்பேன்.

"மூணு ஹைடி, நாலு யென்னி. யென்னி, பூட்ஸ் போடுன்னு சொன்னா நாலும் ஒண்ண ஒண்ணு பாத்துக்கிட்டு நிக்குதுங்க. யாரும் போடலை."

எந்தப் பெயர் ஏறும், எது இறங்கும் என்று பெயர்களிலேயே அவள் வாழ்ந்தாள். மின்னாக்கள் போய் ஹைடிகள் வந்தார்கள். ஹைடிகள் போய் ரோஸாக்கள் வந்தார்கள். வருடப் பிறப்பு முடிந்ததும், போன வருடம் அதிகம் வைத்த பெயர்கள் என்று செய்தித்தாளில் பட்டியல் போடுவார்கள். பெண் பெயர்களில் முதலிடம் எதற்கு என்று எங்களுக்குள் பந்தயம். தோற்றவர் ஏலக்காய் பன் சுட வேண்டும். இருபத்தேழு பந்தயத்தில் நான் ஜெயித்தது நான்கு. தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன்.

"நீ கட்டையை அளந்தாப் போதும்ணே. அம்மாக்காரி மனசை அளக்க உனக்கு வராது" என்பாள்.

இவ்வளவு பேருக்குப் பெயர் எழுதியவளின் மகளுக்குப் பெயர் இல்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

அந்தக் குழந்தை 1981 ஏப்ரல் 9, வியாழக்கிழமை, காலை ஆறு நாற்பதுக்குப் பிறந்தது. ரைலிக்கு அப்போது இருபத்தேழு வயது. அவள் கணவன் ஓஸ்மோ நல்லவன், வெல்டர், அதிகம் பேசமாட்டான். ஞானஸ்நானம் மே 17 ஞாயிறு என்று முடிவாயிற்று. அதுவரைக்கும் பெயரை வெளியே சொல்லக் கூடாது. எங்கள் பக்கத்தில் யாரும் சொல்வதில்லை, யாரும் கேட்பதும் இல்லை. பாதிரியார் கேட்கும்போது தாய் சொல்ல, அவர் வாயிலிருந்து ஊர் கேட்கும். அதுவரை வாய்க்கு வந்ததைச் சொல்லிக் கூப்பிட வேண்டியதுதான். போர்வையில் இறுக்கிச் சுற்றிக் கிடந்ததைப் பார்த்து நான் மூட்டை என்றேன். அதுவே நிலைத்துவிட்டது. "மூட்டை தூங்கிடுச்சா?", "மூட்டைக்குப் பசி."

ஞானத்தந்தை நான்தான். ஞானத்தந்தை வெள்ளி ஸ்பூன் கொடுக்க வேண்டும். பெயர், பிறந்த தேதி, நேரம், எடை, நீளம் எல்லாம் அதில் வெட்டித் தர வேண்டும். மற்றவர்கள் ஞானஸ்நானம் முடிந்த பிறகு ஸ்பூனைக் கடைக்குக் கொடுப்பார்கள். எனக்கு எதையும் பாக்கி வைத்துப் பழக்கம் இல்லை. அன்றைக்கே கையில் கொடுக்க ஆசைப்பட்டேன். மே முதல் வாரம் ரைலியிடம் போனேன்.

"பேரை மட்டும் சொல்லு. பேர் வெட்டுறவரைத் தவிர யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

"ஆசையைப் பாரு. ஞாயித்துக்கிழமை எல்லாரோடயும் சேந்து கேட்டுக்க."

"ஒரு எழுத்தாவது?"

"யாரும் வைக்காத பேரு. பழைய பேரு. கேட்டதும் நீ சிரிப்ப. அதுக்கப்புறம் சிரிக்கமாட்ட. அவ்வளவுதான் சொல்லுவேன்."

நான் வற்புறுத்தவில்லை. எடை 3420 கிராம், நீளம் 50 சென்டிமீட்டர் என்று அவள் மருத்துவமனையிலிருந்து தொலைபேசியில் சொன்னதை நோட்டில் குறித்திருந்தேன். அதையும் தேதியையும் நேரத்தையும் வெட்டச் சொன்னேன். மேலே, பெயருக்கு, நான்கு சென்டிமீட்டர் இடம் விடச் சொன்னேன். எந்தப் பெயராக இருந்தாலும் அடங்கும் என்று கணக்குப் போட்டேன்.

மே 14, வியாழக்கிழமை காலை, ஓஸ்மோ ஆலை வாசலுக்கு வந்து நின்றான். தொப்பி இல்லாமல் வந்திருந்தான். குழந்தை தொட்டிலில் எழுந்திருக்கவில்லை. நோய் இல்லை, காய்ச்சல் இல்லை, யார் மீதும் தப்பு இல்லை என்று மருத்துவர் சொன்னார். சொல்லி என்ன.

அடக்கத்துக்கு முன்னால் பாதிரியார், "நீங்க நெனச்சிருந்த பேரைச் சொன்னீங்கன்னா, ஜெபத்துல சேத்துக்கலாம்" என்று மெதுவாகக் கேட்டார். ரைலி தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. அவர் ஓஸ்மோவைப் பார்த்தார். "அவ இஷ்டம்" என்றான் அவன். கல்லில் 'பெண் குழந்தை 1981' என்று மட்டும் வெட்டினார்கள்.

ஓஸ்மோ 1984இல் ஸ்வீடனுக்கு வேலைக்குப் போனான். கொஞ்ச நாள் கடிதம் வந்தது. பிறகு நின்றது. 2003இல் அங்கேயே இறந்துபோனான். அதன் பிறகு அந்தப் பெயர் உலகத்தில் ஒரே ஒரு ஆளிடம் இருந்தது. அவள் ஒவ்வொரு ஞாயிறும் என் எதிரில் உட்கார்ந்து காப்பி குடித்தாள். அலமாரியில் ஸ்பூன் இருந்தது அவளுக்குத் தெரியும். அவள் போவதற்குள்ளோ நான் போவதற்குள்ளோ அந்த நான்கு சென்டிமீட்டரை நிரப்பிவிட வேண்டும் என்பது எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. கேட்கத்தான் வாய் வரவில்லை. அவளாகச் சொல்வாள் என்றிருந்தேன்.

2009 ஜனவரியில் வழக்கம்போல் செய்தித்தாளை விரித்தோம். கல்லறையில் மட்டுமே பார்த்த பழைய பெயர்கள் எல்லாம் அந்த வருடங்களில் திரும்பி வந்துகொண்டிருந்தன. பட்டியலில் ஏழெட்டு அப்படிப்பட்டவை. ரைலி விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தாள். ஒரு இடத்தில் விரல் நின்றது. தாளை நான்காக மடித்தாள்.

"இந்த விளையாட்டு போதும்ணே. சலிச்சுப்போச்சு."

"தோத்துட்டன்னு சொல்லு" என்றேன். அந்த வருடம் ஜெயித்தது நான். "பன் சுடச் சோம்பல்."

"ஆமா. சோம்பல்."

அதோடு விட்டேனா. நான்கு வாரம், அவள் வரும்போதெல்லாம், "பன் எங்கம்மா?" என்று சீண்டினேன். ஐந்தாவது வாரம் பன் சுட்டு எடுத்து வந்தாள். பதினாறு. ஒன்றைக்கூட அவள் தொடவில்லை. நான் நான்கு தின்றேன்.

2021 செப்டம்பரில் அவளுக்குக் கணையத்தில் கட்டி என்று தெரிந்தது. அறுபத்தேழு வயது. அறுவை செய்யும் கட்டத்தைத் தாண்டிவிட்டது என்றார்கள். தினமும் பதினொரு மணிப் பேருந்தில் மருத்துவமனைக்குப் போய் மூன்று மணிக்குத் திரும்புவேன். அக்டோபர் 19 அன்று மெர்வி வந்திருந்தாள். காப்பகத்தில் ரைலியோடு கடைசி இருபது வருடம் வேலை பார்த்தவள். ரைலி தூங்கிக்கொண்டிருந்தாள். நாங்கள் கீழே காப்பி குடிக்கப் போனோம். அட்டைகளைப் பற்றிப் பேச்சு வந்தது.

"கை ஒடஞ்சு கட்டுப் போட்ட வருஷம்கூட இடக்கையால எழுதினாங்கண்ணே" என்றாள் மெர்வி. "எங்களை நம்பமாட்டாங்க. ஒரே ஒரு பேரு மட்டும் என்னை எழுதச் சொல்லுவாங்க. மணிக்கட்டு வலிக்குதும்பாங்க. அடுத்த அட்டையை அவங்களே எழுதுவாங்க."

"ஒரே பேரா?"

"எல்லா வருஷமும் அதே பேருதான். பன்னெண்டு பொண்ணுங்க இருக்கும். அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதும் கிடையாது. பன்னெண்டு பேரையும் மூட்டைன்னுதான் கூப்பிடுவாங்க. மூட்டை, இங்க வா, தொப்பி போடுன்னு. பிள்ளைங்களுக்கு ஒரே சிரிப்பு."

நான் கோப்பையைத் தட்டில் வைத்தேன். எந்தப் பெயர் என்று கேட்டேன். மெர்வி சொன்னாள்.

சாதாரணமாகச் சொன்னாள். இன்றைக்கு அதைச் சொல்வதில் என்ன இருக்கிறது. உங்கள் தெருவில் ஒரு சிறுமிக்கு அந்தப் பெயர் இருக்கும். உங்கள் பேத்திக்கே இருக்கலாம். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. காரணம் பிறகு தெரியும்.

மறுநாள் ஸ்பூனைத் துடைத்து, கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போனேன். ரைலி விழித்திருந்தாள். கைக்குட்டையைப் பிரித்து அவள் கையில் கொடுத்தேன்.

"மெர்வி நேத்து வந்திருந்தா" என்றேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சொல்லாத" என்றாள். "தெரிஞ்சா தெரிஞ்சதோட இரு. வாயால சொல்லாத."

"சொல்லலை."

ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டிக் கண்ணாடியில் பனி சுரண்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் பார்த்தபடியே அவள் சொன்னாள்.

"நான் எடுத்தப்ப அது ஒருத்தருக்கும் வேணாத பேருண்ணே. தேடி எடுத்தேன். அஞ்சு வாரம் அவ காதுல மட்டும் சொன்னேன், யாருக்கும் கேக்காம. அப்புறம் ஊரெல்லாம் அதே பேரு. கடையில கூப்பிடறாங்க, ஏரிக்கரையில கூப்பிடறாங்க. கூப்பிட்ட ஒடனே யாராவது ஓடி வருதுங்க. ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பாத்தேண்ணே. எனக்கே வெக்கமா இருக்கும். ஆனாலும் திரும்பிப் பாப்பேன்."

 எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னேன்.

"இந்த நாட்டுலயே அதைத் திரும்ப எடுத்தது நீதான் மொதல்ல. பட்டியல்ல வர்றதுக்கு இருபத்தேழு வருஷத்துக்கு முன்னாடியே. கல்லுல பேரை வெட்டிடலாம். 1981ன்னு இருக்குறதைப் பாத்தா எல்லாருக்கும் தெரியும். யாரையும் பாத்து வைக்கலை, இவ அம்மாதான் மொதல்ல வச்சான்னு."

அவள் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நான் ஜெயிச்சேனா? அப்பப் பன் சுட்டுக் குடு."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"கல்லுல வேணாம்ணே" என்றாள் அப்புறம். "ஸ்பூன்லயும் வேணாம். அந்தப் பேரு அவகிட்ட போய்ச் சேரலை. சேந்தவங்க வச்சுக்கட்டும். அந்தப் பன்னெண்டும் நல்ல பிள்ளைங்க."

"இடம் காலியாவே இருக்கட்டுமா?"

"இருக்கட்டும். அது அவ இடம்."

ஸ்பூனை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கட்டை விரல் காலி இடத்தைத் தடவியது. கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்க் கீழே இருந்த எண்களைப் படித்தாள்.

"மூவாயிரத்து நானூத்தி இருவது. இது தப்பு. முப்பது."

"இருவதும்மா. நீதான் போன்ல சொன்ன. நோட்டுல இருக்கு."

"உன் நோட்டை ஏரியில போடு. பெத்தவ நான். நானூத்தி முப்பது."

"சரி, முப்பது" என்றேன். நாற்பது வருடத்தில் ஒரு அளவு விஷயத்தில் நான் அவளுக்கு விட்டுக்கொடுத்தது அது ஒன்றுதான். அவளுக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். என் கையைப் பிடித்து இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

நவம்பர் 5, வெள்ளிக்கிழமை, மதியம் ஒன்றே காலுக்கு ரைலி போனாள். நான் பக்கத்தில் இருந்தேன். அவளைக் குழந்தையின் இடத்திலேயே அடக்கம் செய்தோம். மெர்வியிடம் சொல்லி, சவப்பெட்டிக்குள் வைக்க ஒரு அட்டை எழுதி வாங்கினேன். நீல மை, காளான் படம். அதில் 'ரைலி' என்று இருந்தது. கல்லில் அவள் பெயரைச் சேர்த்தேன். 'பெண் குழந்தை 1981' என்பதை அப்படியே விட்டுவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஸ்பூனை எடுத்துக்கொண்டு நகைக்கடைக்குப் போனேன். 1981இல் வெட்டியவர் இல்லை. இப்போது இருப்பவள் முப்பது வயது இருக்கும், கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

"அழகா வெட்டியிருக்காங்க. பேர் வெட்ட எடம் இருக்கே. என்ன பேருங்க?"

"பேர் வேணாம்மா. எடையில ஒரு எண்ணை மட்டும் மாத்தணும். ரெண்டை மூணா."

"அதைத் தேச்சு எடுத்துட்டுப் புதுசா வெட்டணும். வெள்ளி கொஞ்சம் மெலிஞ்சுபோகும். இது பழசு, அப்படியே விட்டா என்ன? பத்து கிராம்தானே?"

"மாத்தணும்."

அவள் மறுபடி என்னைப் பார்த்தாள்.

"இதுல இருக்கறது தப்புங்களா?"

"தப்புதான்" என்றேன். "எழுதினவன் சரியா கேக்கலை."