பாய்லர்காரர்களைப் பேச வைத்தவர்

செய்தி வந்தபோது உலைக்கு உமி தள்ளிக்கொண்டிருந்தேன். காலை ஏழு மணி இருக்கும். "சிவக்குமார், அண்ணன் போயிட்டாங்க" என்றார் போனில் வசந்தா அண்ணி. குளிக்கக் கிளம்பிய ரெங்கசாமி அண்ணன் கதவருகிலேயே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. போனை வைத்ததும் என் கண் தானாக பாய்லரின் கேஜ் கிளாஸுக்குப் போனது. உள்ளே தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கண்ணாடிக் குழாய் அது. அதை நம்பாதே என்று எனக்குச் சொன்னவர் அவர்தான்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருச்சியில் ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் பாய்லர் ஓட்டினார். வீடு ஸ்ரீரங்கம், மேல அடையவளஞ்சான் தெரு. நான் லால்குடி தாண்டி நெல் அவிக்கும் மில்லில் அதே வேலை பார்ப்பவன். சான்றிதழ் தேர்வுக்குப் போன இடத்தில், வரிசையில் எனக்கு முன்னால் நின்றார். அங்கேயே ஆறு பேரின் நம்பரை வாங்கிக்கொண்டார். "பாய்லர் ரூம்ல நம்ம எல்லாருமே தனியாத்தான் நிக்கிறோம். ஒருத்தருக்குத் தெரிஞ்சது இன்னொருத்தருக்குத் தெரியாமலே செத்துப் போயிடுது. மாசத்துல முதல் ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு எங்க வீட்டு மாடிக்கு வாங்க" என்றார்.

பாடம் எடுப்பார் என்று நினைத்துப் போனோம். அவர் தன் தப்பைச் சொன்னார். ஒருநாள் கேஜ் கிளாஸில் பாதி வரை தண்ணீர் தெரிந்தது. ஆனால் குழாய் உப்பு அடைத்துக் கிடந்ததால் அது பழைய தண்ணீர். உள்ளே ஏறக்குறைய வறண்டிருந்தது. பெயின்ட் கருகும் வாசனை வந்த பிறகே அவருக்குப் புரிந்தது.

"பதறிப் போய் பம்ப் போட கைய வெச்சுட்டேன். காஞ்ச இரும்புல பச்சத் தண்ணி பட்டிருந்தா நானும் இல்ல, பக்கத்து வார்டும் இல்ல. எப்படியோ கைய எடுத்துட்டு நெருப்ப அணைச்சேன். ரெண்டு வருஷமா இத யார்கிட்டயும் சொல்லல."

பிறகு ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தன்னுடையதை ஆரம்பித்தார். அப்படித்தான் எங்கள் கூட்டம் பிறந்தது. ஆறு பேர் பதினோரு பேரானோம். அரித்துப்போன குழாய்த் துண்டை மஞ்சள் பையில் கொண்டுவந்து கை மாற்றிப் பார்ப்போம். வர முடியாதவர்களுக்கு அண்ணனே அன்று பேசியதை எல்லாம் போனில் பேசி அனுப்புவார். இரண்டு முறை வராதவரைத் தேடி டவுன் பஸ் ஏறிப் போவார். எந்த மில் என்று வெளியே சொல்லக் கூடாது என்பது ஒன்றே கட்டுப்பாடு. முடிக்கும் முன் ஒவ்வொரு முறையும், "வேற யாருக்காவது ஏதாச்சும்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார். அந்த மௌனம் நீளும். கீழே தெருவில் ஆட்டோ போகும் சத்தம் கேட்கும்.

அப்படியொரு மௌனத்தில்தான் எங்களில் ஒருவரான கதிர்வேல் பேசினார். நீராவி அளவு மீறினால் தானாகத் திறந்து கத்த வேண்டியது சேஃப்டி வால்வு. அவருடைய மில்லில் அது அடிக்கடி திறக்கிறது என்று முதலாளி அதன் ஸ்பிரிங்கை முழுக்க இறுக்கச் சொல்லிவிட்டாராம்.

"கத்திக்கிட்டு இருந்தவரைக்கும் தொல்லையா இருந்துச்சுண்ணே. இப்ப சத்தமே இல்ல. அதான் பயமா இருக்கு."

"நெருப்ப அணைச்சிடுங்க, கதிர்வேல்."

"வேலை போயிடும்ணே."

முதலாளியிடம் எப்படிப் பேசலாம் என்று ஆளுக்கொரு யோசனை சொன்னோம். டீ வந்தது. குடித்துவிட்டுக் கலைந்தோம்.

பன்னிரண்டாம் நாள் அந்த பாய்லர் வெடித்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, சுவர் இருந்த இடத்தில் வயல் தெரிந்தது. ஈர நெல் வெகுதூரம் வரை சிதறிக் கிடந்தது. கதிர்வேலை எங்களுக்குக் காட்டவில்லை.

காரியம் முடிந்து திரும்பும்போது அண்ணன் பஸ்ஸில் சொன்னார். "நல்லாத்தான் கேட்டோம். காது குடுத்துக் கேட்டோம். அப்புறம் பஸ் ஏறிட்டோம்." அதன் பிறகு அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. யாராவது ஆபத்து என்று சொன்னால் இரண்டு பேர் அன்றைக்கே அங்கே போக வேண்டும் என்று முடிவாயிற்று. யாரும் எதுவும் சொல்லாதபோதும் அவர் போய்ப் பார்க்க ஆரம்பித்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை என் மில்லுக்கு வந்தார். பாய்லரைச் சுற்றி வந்தவர் வால்வின் அருகே நின்றுவிட்டார். முதலாளி பக்கத்தில் இருந்ததால் எதுவும் பேசவில்லை. பஸ் நிறுத்தத்தில்தான் கேட்டார்.

"எத்தனை நாளா டைட் வெச்சிருக்கீங்க?"

"நாலு மாசமாண்ணே. ஆவி கசிஞ்சுது, பிரஷர் ஏறல. யாரும் சொல்லல, நானாத்தான் வெச்சேன்."

"கதிர்வேல் சொன்ன அன்னிக்கு என் பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க?"

அவர் பஸ்ஸை விட்டுவிட்டு என்னோடு மில்லுக்குத் திரும்பினார். நெருப்பை அணைத்தோம். மறுநாள் புது வால்வு மாட்டும்வரை போன் மேல் போன் செய்தார். கடைசியாக ஒன்று சொன்னார்: "மாடியில இத நீங்களே சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

நான் சொல்லவில்லை. மூன்று கூட்டங்கள் போயின. மூன்றிலும், "வேற யாருக்காவது?" என்று கேட்டு, என் முகத்தைப் பார்க்காமல் காத்திருந்தார். நான் பாயைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். நான்காவது கூட்டத்துக்கு அவர் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அண்ணி மாடிக் கதவைத் திறந்து வைத்திருந்தார். ஒன்பது பேர் வந்திருந்தோம். எல்லோரும் அண்ணனைப் பற்றிப் பேசினார்கள். என் முறை வந்தபோது வால்வைப் பற்றிச் சொன்னேன். கதிர்வேல் உயிரோடு இருக்கும்போதே சொல்லியிருக்கலாம் என்பதையும் சொன்னேன். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மூலையிலிருந்து ஜோசப், மண்ணச்சநல்லூர் பக்கம் ஒரு மில்லில் இருப்பவர், தலை நிமிராமல் சொன்னார்: "எங்களுதும் டைட்டாத்தான் இருக்கு. தீபாவளியிலேர்ந்து."

"இப்ப எரியுதா?"

"எரியுது. ஆள் மாத்தி விட்டுட்டுத்தான் வந்தேன்."

டீ வருவதற்குள் எழுந்துவிட்டோம். நான்கு பேர் ஆட்டோவில் நெருக்கிக்கொண்டு ஏறினோம். கொள்ளிடம் பாலம் முழுக்க ஜோசப் தன் ஆளுக்குப் போன் போட்டுக்கொண்டே வந்தார். எடுக்கவில்லை. தூரத்தில் ஒவ்வொரு புகைபோக்கி தெரியும்போதும் அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

மில் இடியாமல் நின்றுகொண்டிருந்தது. வெளியே களத்தில் பெண்கள் நெல் கிளறிக்கொண்டிருந்தார்கள். அவர்களை ரோட்டுக்கு அனுப்பிவிட்டு நெருப்பை அணைத்தோம். முதலாளி ஓடிவந்து கத்தினார். ஜோசப்புக்கு இனி வேலை இருக்குமா என்று இன்றுவரை தெரியாது. நாங்கள் களத்தின் ஓரத்தில் நின்று பிரஷர் முள்ளையே பார்த்தோம். அது இறங்க மனமில்லாததுபோல இறங்கியது. பூஜ்யத்தைத் தொட்டபோது விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது.

இந்த வட்டாரத்தில் இன்னும் எத்தனை வால்வுகள் சத்தமில்லாமல் இருக்கின்றன என்று எங்களுக்குத் தெரியாது. போய் வாருங்கள், அண்ணே. நீங்கள் கேட்டுவிட்டுக் காத்திருந்த இடத்தில் இனி நாங்கள் காத்திருக்கிறோம்.