ஊசி போட்ட கை

வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் மகனின் பள்ளியிலிருந்து வாட்ஸ்அப்பில் வாரச் செய்தி வந்துவிடும். இன்று, ‘குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டது. கை வலித்தால் பயப்பட வேண்டாம்’ என்றிருந்தது. நான் படித்து முடிப்பதற்குள் அதன் கீழே ஒரு கட்டைவிரல் விழுந்தது. சவூதியிலிருந்து என் கணவர்.

நான் லால்பேட்டையில் இரண்டாம் வகுப்பு படித்தபோது வாட்ஸ்அப் ஏது? வாரக் கடைசியில், வீட்டில் சொல்லவேண்டியதை டீச்சர் எங்களைக் கோரஸாகச் சொல்லவைத்து அனுப்புவார். மறந்துவிடாமல் வழியெல்லாம் முணுமுணுத்தபடி ஓடிவருவேன். அம்மா மீன் கழுவிய கையைத் துடைத்துக்கொண்டு டேப்ரெக்கார்டரை என் முன்னால் வைப்பார்.

“எங்கிட்ட எதுக்குடி? அத்தாகிட்ட சொல்லு.”

அப்பாவை நான் அத்தா என்றுதான் கூப்பிடுவேன். அவரும் அப்போது சவூதியில்தான் இருந்தார்.

“அத்தா, செவ்வாக்கிழம எங்களுக்கு ஊசி. எனக்குப் பயமா இருக்கு.”

ஊரிலிருந்து யாராவது விமானம் ஏறும்வரை அந்தக் கேசட் அலமாரியிலேயே கிடக்கும். அதற்குள் ஊசி போட்டு, கை வீங்கி, வீக்கமும் வடிந்து, நான் மூன்றாம் வகுப்புக்கே போய்விட்டேன். பிறகுதான் பதில் கேசட் வந்தது. மின்விசிறி இரைச்சலுக்கு நடுவே அத்தாவின் குரல்.

“ஊசி ரொம்ப வலிச்சுதாம்மா? எந்தக் கையில போட்டாங்க?”

நான் சட்டைக் கையைச் சுருட்டி டேப்ரெக்கார்டருக்கு நேராக நீட்டினேன். அம்மா சிரிக்கவில்லை. அந்த இடத்தை மட்டும் திரும்ப ஓடவிட்டார்.

மகன் இடது கையைப் பிடித்தபடி பக்கத்தில் வந்து நின்றான்.

“அத்தா பாத்துட்டாங்களாம்மா?”

“பாத்துட்டாங்கப்பா.”

போனை வாங்கி அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஒண்ணும் கேக்கலியா?”