டிரைவர் சீட்டின் ஓரத் தையல்

மாதனூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில், தையல் பிரிவில் நான் சூப்பர்வைசர். தையல் பிரிந்தால் எனக்குப் பொறுக்காது. வீட்டுத் தலையணை உறையில் ஒரு நூல் தொங்கினாலும் ஊசியை எடுத்துவிடுவேன்.

மகளுக்கு வேலூரில் வேலை கிடைத்தது. தினமும் ஹைவேயில் அவளே ஓட்டிப் போக, பழையதானாலும் கெட்டியான கார் ஒன்று வாங்க நினைத்தோம். என் வீட்டுக்காரர் ஆசைப்பட்டது சின்ன எஸ்யூவி. அதிலும் லெதர் சீட், கண்ணாடிக் கூரை வைத்த உயர்ரக மாடல். மூன்று வாரம் யூடியூபில் பாடம் படித்தார். சர்வீஸ் ரெக்கார்டு, டயர் தேய்மானம் என்று சாப்பிடும்போதும் அதே பேச்சுதான்.

புரோக்கர் காட்டிய வெள்ளை வண்டியை, நாங்கள் கூட்டிப்போன மெக்கானிக் ஓட்டிப் பார்த்துவிட்டு, "இன்ஜின் சூப்பரா கீதுண்ணா" என்றார். என் வீட்டுக்காரர் முகத்தில் கல்யாணக் களை. நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஓரத் தையலைத் தடவினேன்.

"இன்னா, சீட்டையே தடவிக்கினு இருக்க? ஒரிஜினல் தோல்தான், போதுமா?" என்றார் இவர்.

"தோல் நல்லாத்தாங்க இருக்கு. கதவுப் பக்கம் மட்டும் நூல் தடியா இருக்கு. யாரோ பிரிச்சித் தெச்சிருக்காங்க."

மெக்கானிக் முகம் மாறியது. பக்கவாட்டில் மோதினால் சீட்டுக்குள் இருக்கும் ஏர்பேக் அந்தத் தையலைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே வரும், அதற்காகவே அங்கே மெல்லிசாகத் தைப்பார்கள் என்றார். சீட்டின் பின்னுறையைக் கழற்றி டார்ச் அடித்தார். ஏர்பேக் இருக்கவேண்டிய இடம் காலி. என் மகள் உட்காரப்போகும் இடம் அது.

"சின்ன அடிதான்க்கா" என்று புரோக்கர் தலையைச் சொறிந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, சின்ன அடியாம்! வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன்.

அடுத்த மாதம் வேறொன்று வாங்கினோம். சீட்டு வெயிலில் வெளுத்திருந்தாலும் தையல் கார் கம்பெனியிலேயே போட்டது. "பழைய வண்டி வாங்க மெக்கானிக் மட்டும் பத்தாது, எங்க வீட்டம்மாவையும் கூப்ட்டுக்கினு போங்க" என்று இவர் இப்போது எல்லாரிடமும் சொல்கிறார். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

போன ஞாயிறு மகள் எங்களை ஏலகிரிக்கு ஓட்டிப்போனாள். பின்சீட்டிலிருந்த என் கை, வளைவுக்கு வளைவு அவள் சீட்டின் ஓரத்துக்கே போனது. இத்தனை வருஷத்தில், பிரிந்தால் பிரியட்டும் என்று நான் விட்டுவைத்த ஒரே தையல் அது. அது பிரியாமலே இந்த வண்டி கிழடாகட்டும்.