சொக்ஸ் போடாத அம்மாவுக்கு முழுப் புள்ளி

முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு என் அம்மா கொட்டாஞ்சேனையிலிருந்து பொரளைக்குப் போய் ஒரு தனியார் நிலையத்தில் பிசியோதெரபி செய்துவந்தார். ஒருநாள் அங்கிருந்த இளைஞர், கால் எவ்வளவு தேறியிருக்கிறது என்று அளப்பதாகச் சொல்லி, வெளிநாட்டில் தயாரித்த கேள்விகளை வாசித்தார்.

“சொக்ஸ் போடக் கஷ்டமா அன்ரி?”

“நான் எங்க சொக்ஸ் போடுறது, மகன்?”

“அப்ப கஷ்டம் இல்லை. பாத் டப்பில இறங்க?”

“அதெல்லாம் வீட்டில இல்லை. வாளியிலதான் குளிக்கிறனான்.”

“அப்ப அதுவும் கஷ்டம் இல்லை.”

இல்லாத சொக்ஸுக்கும் இல்லாத தொட்டிக்கும் முழுப் புள்ளி! இனி வரத் தேவையில்லை என்று அனுப்பிவிட்டார்.

அந்த ஞாயிறு தேவாலயத்தில் பூசைக்குப் போக பஸ் ஏறினோம். அம்மா சத்திரசிகிச்சை செய்த காலை மிதிபலகையில் வைத்தார். அந்தக் கால் உடம்பைத் தூக்கவில்லை. அதற்குள் நடத்துனர் புறப்படச் சொல்லிச் சிங்களத்தில் “யமு, யமு!” என்று கத்த, பஸ் நகர்ந்தது. பின்னால் நின்ற நான் இடுப்பைப் பிடித்து இழுத்திராவிட்டால் அம்மா சக்கரத்துக்குள் போயிருப்பார்.

மறுநாளே போய்க் கேட்டேன். “ஸ்கோர் நல்லாத்தானே அக்கா இருக்கு?” என்றார் அந்த இளைஞர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“தம்பி, அம்மா பஸ்ஸில ஏறுவாவோ, கோயில்ல முழந்தாளிடுவாவோ எண்டு ஒருக்காவாவது கேட்டனீங்களா?”

இப்போது எந்த நிலையத்துக்குப் போனாலும், எங்கள் வீட்டில் இல்லாததற்குப் புள்ளி போட நான் விடுவதில்லை. பஸ் படி உயரத்துக்கு ஒரு பெட்டியை வையுங்கள், அம்மா ஏறட்டும், பிறகு எழுதுங்கள் என்கிறேன். இல்லாத பாத் டப்பில் அம்மா ஒருநாளும் விழப்போவதில்லை. விழுந்தால் பஸ்ஸிலிருந்துதான் விழுவார்.